முன் சீட்டு மரியாதை

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு எங்காவது போய்வர வேண்டும் என்று குடிமக்கள் ஆசைப்படுவதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இந்நாள் வரை இயற்றப்படவில்லை. அந்தத் தைரியத்தில்தான் காரைக்குடி துர்காதேவி ஒரு நாள் காலை, கணவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, "ஏங்க, நாம எல்லாருமாச் சேந்து ஒருக்கா இந்தத் தீம் பார்க்குக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டது அவள் தப்புதான். கணவர் யார் என்று நன்றாகத் தெரிந்தும் கேட்டாள்.

அவள் கணவர் சேவுகப்பெருமாள் சிவகங்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விழா மேடைகளில் எந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று தீர்மானிப்பதே அவர் வேலை. வேறு வேலை அவர் பார்த்ததில்லை. பெரியவருக்கு வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார், அவரைவிடப் பெரியவர் வந்துவிட்டால் யாரை எழுப்புவது, எழுப்பப்பட்டவர் முகம் சுளித்தால் அவருக்கு எந்தத் தரத்தில் சால்வை போடுவது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. வலப்பக்கம் என்றால் மேடையில் இருப்பவருக்கு வலப்பக்கமா, எதிரே இருந்து பார்ப்பவருக்கு வலப்பக்கமா என்று ஒருமுறை மேலிடத்துக்கு எழுதித் தெளிவுரை கேட்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றார். தெளிவுரை வரவில்லை. "அது மட்டும் வந்துட்டா நாட்டுல பாதிப் பிரச்சினை தீந்துரும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

துர்காதேவியின் ஆசை சும்மா வந்ததல்ல. மகள் சத்தியப்பிரியா கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். உயரத்திலிருந்து ஒரு ரயில் தலைகுப்புறப் பாய்கிறது. அதில் இருந்த பெண்கள், துர்காதேவி வயசுக்காரிகள்கூட, வாயைத் திறந்து கத்துகிறார்கள். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று யாரும் அதட்டவில்லை. அந்தச் சத்தத்தை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, கேதத்துக்கு. எங்கே போனாலும் முறை உண்டு. யார் முதலில் திருநீறு வாங்குவது, யார் முதல் பந்தியில் உட்காருவது. கேத வீட்டில் யார் முதலில் வாய்விட்டு அழ ஆரம்பிப்பது என்றுகூட உண்டு. மாமியார் இறந்த அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு வெடிக்கும்படி அழுகை வந்தது. ஆனால் மூத்த நாத்தனார் பொன்னுத்தாயி வந்த பஸ் தாமதம். மகள் வந்து ஆரம்பிக்காமல் மருமகள் அழக் கூடாதாம். துர்காதேவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு காத்திருந்தாள். பஸ் வந்தபோது அழுகை போய்விட்டது. ஒரே ஒரு தடவை வரிசை பார்க்காமல் வாய்விட்டுக் கத்த வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

சேவுகப்பெருமாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எதையும் முறைப்படி செய்யணும்" என்றார்.

அன்று மதியமே வாட்ஸ்அப்பில் 'குடும்ப உல்லாசப் பயண ஒருங்கிணைப்புக் குழு' தொடங்கப்பட்டது. முதல் செய்தியை அவரே வரைந்தார். 'பொருள்: கோடை விடுமுறை – குடும்ப உறுப்பினர்கள் மகிழ்ச்சியடைதல் – தொடர்பாக.' கீழே, மேற்படி மகிழ்ச்சியை எவ்விதப் புகாருக்கும் இடமின்றி அடைய அனைவரும் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

அவருடைய தம்பி அழகுராஜா சிமெண்ட் கடைக்காரர். அவர் மனைவி புஷ்பவள்ளி இட்லி வேகும்போதே அதற்கு ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறவள். இந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போடாமல் வெளியூர் போனால் அது ஒன்றாகத்தான் போனது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவள் கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் டீ-ஷர்ட் அடிக்கப்பட்டது. முதுகில் 'எங்க குடும்பம் வேற லெவல்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவரவர் குடும்பப் பதவியும் இடம்பெற வேண்டும் என்று சேவுகப்பெருமாள் திருத்தம் கொண்டுவந்தார். 'மூத்த மருமகள்' என்று முதுகில் அச்சடித்த டீ-ஷர்ட்டை விரித்துப் பார்த்து துர்காதேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பொன்னுத்தாயி மட்டும் குழுவில் வாயே திறக்கவில்லை. துர்காதேவி போன் போட்டாள்.

"என்ன மதினி, வாரீகளா இல்லையா?"

"போன்ல சொன்னா வாரதுக்கு நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்றாள் பொன்னுத்தாயி. "பெறந்த வீட்டுல ஒரு காரியம்னா நேர்ல வந்து தட்டு வச்சுக் கூப்பிடணும். அப்பா இருந்தா இப்படி நடக்குமா?"

அப்பா இருந்தால் தீம் பார்க்கே நடந்திருக்காது. ஆனாலும் அண்ணன் தம்பி இருவரும் மனைவிமாரோடு கண்டரமாணிக்கம் போனார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் தட்டில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன விசேசம், காதுகுத்தா?" என்று கேட்டாள்.

"ராட்டினம் சுத்தப் போறோம்" என்றாள் பொன்னுத்தாயி பெருமையாக.

இந்த அளவில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அழகுராஜா குழுவில் அந்த வீடியோவைப் போட்டு, 'ரயிலில் முன் சீட்டு எனக்கு' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தார்.

சிரிக்கும் முகத்தை சேவுகப்பெருமாள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதன் பூர்வீகம் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாச்சியாபுரத்துக்கு அங்குட்டு இருக்கும் அவர்கள் சொந்த ஊர்க் கோயிலில், திருவிழா அன்று இந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை. பூசாரி குடும்பத் தலைவரின் தலையில் பரிவட்டத் துணி கட்டுவார். அப்பா போனபின் அந்தத் தலை யாருடைய தலை என்று சண்டை வந்தது. மூத்தவன் நான் என்றார் அண்ணன். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்வது நான் என்றார் தம்பி. விவகாரம் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் வரை போனது. இரண்டு தலைக்கும் வேண்டாம் என்று அங்கே முடிவாயிற்று. அது முதல் பரிவட்டம் ஒரு தேங்காய்க்குக் கட்டப்பட்டு வருகிறது. தேங்காயும் இதுவரை எந்தப் புகாரும் சொல்லவில்லை.

"இன்னைக்கு ரயில்ல முன் சீட்டுல உக்காருவான். நாளைக்குக் கோயில்ல போயி, அண்ணன்தான் விட்டுக்குடுத்தாருன்னு சொல்லுவான்" என்றார் சேவுகப்பெருமாள்.

"ஏங்க, நீங்க ஏணியில ஏறுனாலே தலை சுத்துதும்பீக. அந்த ரயிலு தலைகீழால்ல போகுது. உங்களுக்கு எதுக்கு முன் சீட்டு?"

"உக்காருறதா முக்கியம்? உரிமை."

இதையே அழகுராஜாவிடம் புஷ்பவள்ளியும் கேட்டிருக்கிறாள். அவருக்கு ஊஞ்சல் ஆடினாலே வாந்தி வரும். அவரும் இதே பதிலைத்தான் சொன்னாராம். அண்ணன் தம்பி என்பது சும்மாவா?

கோயில் விவகாரத்தின் தொடர்ச்சி என்பதால் இதுவும் சமாதானக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று இருவரும் கருதினார்கள். இப்போதைய தாசில்தார் மலையாண்டி, ஒரு காலத்தில் சேவுகப்பெருமாளுக்குக் கீழே நாற்காலி துடைக்கச் சொல்லி ஆள் அனுப்பும் பொறுப்பில் இருந்தவர். மனுவைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"அண்ணே, ரயில்னு போட்டிருக்கே. ரயில்னா அது டெல்லிக்காரங்க பாக்குறது. நம்ம அதிகாரத்துக்குள்ள வராதே?"

"இது தலைகீழாப் போற ரயில்" என்றார் சேவுகப்பெருமாள்.

"தலைகீழாப் போகுதா? அப்ப நம்ம துறைதான்" என்றார் மலையாண்டி, நிம்மதியாக. உடனே விசாரணை தொடங்கியது.

பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். உள்ளே குரல்கள் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. துர்காதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முன்னால உக்காந்தா என்ன, பின்னால உக்காந்தா என்ன? எங்குட்டு உக்காந்தாலும் அதே ரயிலு, அதே எறக்கந்தான. அதுக்குப் போயி தாசில்தாரு!" என்றாள்.

"ஆம்பளைகளுக்கு வேற வேலை இல்லக்கா" என்றாள் புஷ்பவள்ளி.

"நாமளா இருந்தா இப்படி நிப்பமாடி?"

"சேச்சே, அசிங்கம்" என்றாள் புஷ்பவள்ளி. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் ஓரகத்திகள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் முடிந்தது. சட்டம் ஒழுங்கு நலன் கருதி, தற்போதைய நிலையே தொடர வேண்டும் என உத்தரவானது. அதாவது ரயிலிலும் முன் சீட்டு தேங்காய்க்கே. இரு தரப்பும் கையெழுத்திட்டு, கைகுலுக்கி, தேநீர் அருந்திக் கலைந்தார்கள்.

பயண நாளில் ஆரஞ்சு நிறக் குடும்பம் வேனில் ஏறியது. பொன்னுத்தாயி தன் டீ-ஷர்ட்டைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, பிறந்த வீட்டுக் காரியத்துக்கு வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு வாழைத்தாரும் கொண்டுவந்தாள். பார்க் வாசலில் வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று வாழைத்தாரைப் பிடித்து வைத்தார்கள். சேலை கட்டிய யாரையும் ரயிலில் ஏற்ற மாட்டார்களாம். அதை முன்பே விசாரித்து, புஷ்பவள்ளியையும் சுடிதாரில் வரச் சொல்லியிருந்த துர்காதேவி, மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. சேவுகப்பெருமாள் அதை ஆட்சேபிக்க விரும்பினார். எந்த விதியின்கீழ் என்று பிடிபடாததால் விட்டுவிட்டார்.

தேங்காய்க்கும் நுழைவுச் சீட்டு எடுத்தார்கள். பெரியவர் சீட்டுதான். குடும்பத் தலைவரின் இடத்தில் இருக்கும் தேங்காய்க்குக் குழந்தைச் சீட்டு எடுப்பது மரியாதையாக இருக்காது.

வெயிலில் வெகுநேரம் நின்று ரயிலடிக்குப் போனார்கள். ரயிலின் முன் வரிசையை அண்ணன் தம்பி இருவரும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்கள். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டுகள் இருந்தன.

இத்தனை வீடியோ பார்த்தும், இத்தனை கூட்டம் போட்டும், இதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆட்களை ஏற்றிவிடும் சோணை என்ற இளைஞன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதான் ரெண்டு சீட்டு இருக்கே சார், ரெண்டு பேரும் உக்காருங்க" என்றான்.

சாதாரணக் குடும்பமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

"வலப்பக்கம் யாரு?" என்று கேட்டார் சேவுகப்பெருமாள்.

"நீங்க வலப்பக்கம்னா நான் உக்கார மாட்டேண்ணே" என்றார் அழகுராஜா.

"ரெண்டு பேரும் வேண்டாம். உத்தரவுப்படி தேங்காயை வைங்க" என்றார் சேவுகப்பெருமாள் சோணையிடம்.

சோணை தேங்காயைப் பார்த்தான். தலையில் பட்டுத் துணி கட்டி, சந்தனம் வைத்து, அது மரியாதைக்குரிய நிலையில்தான் இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டுபோய், பக்கத்தில் நட்டிருந்த உயரம் அளக்கும் பலகையின் முன் வைத்தான். "சாரி சார். உயரம் பத்தாது. இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்குறவங்கள ஏத்த மாட்டோம்."

"அது தேங்காய்ப்பா!"

"யாரா இருந்தாலும் ரூல்ஸ் ஒண்ணுதான் சார். வேணும்னா மேனேஜர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

சேவுகப்பெருமாளுக்கு அந்தப் பையன்மேல் மரியாதை வந்துவிட்டது. எழுதி வாங்குவதற்கு அண்ணன் தம்பி இருவரும் கிளம்பினார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள், கத்தினார்கள். சோணை பொறுமை இழந்து, "முன்னாடி ரெண்டு பேர் வாங்க! யாராச்சும் வாங்க!" என்று கூவினான்.

துர்காதேவி ஒரு கணம் கணவரின் ஆரஞ்சு முதுகைப் பார்த்தாள். அதில் 'குடும்பத் தலைவர்' என்று எழுதியிருந்தது. அது கூட்டத்தில் மறைந்துகொண்டிருந்தது. "வாடி" என்று புஷ்பவள்ளியின் கையைப் பிடித்து இழுத்தாள். கைக்கு வந்த பக்கம் ஏறினாள். அது வலப்பக்கம். அது வலப்பக்கம் என்பதுகூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கம்பி மடிமேல் இறங்கியது. ரயில் ஏறியது, ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது. கீழே மனிதர்கள் சிதறிய கடுகாகத் தெரிந்தார்கள். பிறகு பூமி அவள் முகத்துக்கு நேரே வந்தது.

துர்காதேவி கத்தினாள். அப்படிக் கத்துவாள் என்று அவளுக்கே தெரியாது. மாமியாருக்கு அழாமல் விழுங்கியது, அடுப்படியில் விழுங்கியது, கல்யாணப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து விழுங்கியது, எல்லாம் தொண்டை வழியே வெளியே போயிற்று. பக்கத்தில் புஷ்பவள்ளியும் அலறினாள். யார் முதலில் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ரயில் வந்து நின்றபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மேனேஜர் அறையிலிருந்து திரும்பிய அண்ணனும் தம்பியும் இதைப் பார்த்துத் திகைத்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பெண்டுகள் உக்காந்தது கணக்குல வராது. இதை முன்மாதிரியாக் கொள்ளலாகாது" என்றார் அண்ணன். "ஆமாண்ணே" என்றார் தம்பி. அப்பா போனபின் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

இறங்கும் வழியில் ஒரு கவுண்டர். ரயில் பாயும்போது எதிரே இருந்த கேமரா எடுத்த படத்தை அங்கே விற்கிறார்கள். புஷ்பவள்ளி வாங்கினாள், வாங்கிய கையோடு ஸ்டேட்டஸ் போட்டாள். 'நாங்க ரெண்டு பேர். முதல் சீட்டு.' நாலு இதயம் வேறு.

தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயி படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏன் துர்கா, நீதான மூத்தவ? சின்னவளை வலப்பக்கம் உக்கார வச்சிருக்க?"

"இல்ல மதினி. நாந்தான் வலப்பக்கம் இருந்தேன். எதுத்தாப்புல இருந்து எடுத்ததுனால மாறித் தெரியுது."

"அப்படியா? படத்துல புஷ்பாதான வலது கைப்பக்கம் இருக்கா."

துர்காதேவி சிரித்துக்கொண்டே புஷ்பவள்ளியைப் பார்த்தாள். "நீ சொல்லுடி."

"நீங்கதான் அந்தப் பக்கம் இருந்தீக, நான் இல்லைன்னு சொல்லலக்கா" என்றாள் புஷ்பவள்ளி, போனிலிருந்து தலையை எடுக்காமல். "ஆனா ஊரு பாக்குறது படத்தைத்தான?"

துர்காதேவியின் சிரிப்பு நின்றது.

வேன் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும், "அந்த ஸ்டேட்டஸை எடுத்துரு" என்றாள் துர்காதேவி.

"எதுக்குக்கா எடுக்கணும்? எங்க அம்மா வீட்டுலகூடப் பாத்துட்டாக. வலப்பக்கம் உக்காந்திருக்கியேன்னு எவ்வளவு சந்தோசப்பட்டாக தெரியுமா?"

"நான் மூத்த மருமகடி!"

"முதுகுலதான் எழுதியிருக்கே. யாரு இல்லைன்னா?"

துர்காதேவி எழுந்து வேனின் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். காரைக்குடி வரும் வரை இருவருக்கும் நடுவே தேங்காய் வளைவுகளில் உருண்டது.

மறுநாள் காலை துர்காதேவி கணவருக்குக் காபி கொடுத்தாள். போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, வலப்பக்கம்னா யாருக்கு வலப்பக்கம்னு ஒருக்கா மேலிடத்துக்கு எழுதுனீகளே, அது என்ன ஆச்சு?"

சேவுகப்பெருமாள் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவைத் தேடி எடுத்தார். 'பொருள்: மூத்த மருமகள் – ரயிலின் வலப்பக்கம் அமர்ந்தமை – உறுதி செய்யக் கோருதல் – தொடர்பாக' என்று அவர் எழுத, "ஸ்டேட்டஸை எடுக்கணும்னும் போடுங்க" என்றாள் அவள். அதே நேரம் சிமெண்ட் கடையில் அழகுராஜாவும் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று சொன்னது புஷ்பவள்ளி.

சமாதானக் கூட்டம் மறுபடியும் கூடியது. இந்தத் தடவை ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். மலையாண்டி இரு தரப்பையும் கேட்டார், படத்தை நேராகவும் திருப்பியும் பார்த்தார். முன் வரிசையில் இரண்டு சீட்டுகள் இருக்கும்போது ஒரு தேங்காய் மட்டும் அனுப்பப்பட்டதே சிக்கலுக்கு மூல காரணம் என்று கண்டறிந்தார். ஆகவே அடுத்த கோடையில் முன் வரிசையில் இரண்டு தேங்காய்கள் வைக்கப்படும் எனவும், குடும்பத்தினர் எவரும் ஏறாமல் கீழே நின்று பார்வையிடலாம் எனவும் உத்தரவிட்டார். உயர வரம்பைத் தளர்த்தக் கோரிப் பார்க் நிர்வாகத்துக்குத் தனியே கடிதம் போகும் என்றார்.

"சம்மதமாம்மா?" என்று துர்காதேவியிடம் கையெழுத்துக்காகத் தாளை நகர்த்தினார்.

துர்காதேவி பேனாவை எடுத்தாள். தான் இனி அந்த ரயிலில் ஏற முடியாது என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. தொண்டை இன்னும் அன்று கத்திய கத்தலில் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தக் கரகரத்த குரலிலேயே கேட்டாள்.

"அதுல வலப்பக்கத் தேங்கா என்னோடதுதான சார்?"